ஊட்டியில் ஒரு சத்தம், கோவையில் வேறு சத்தம்: வீட்டிலேயே கிதார் பெடல் செய்வது எப்படி? மேலே எதை வரையலாம், எதை வரையக் கூடாது?

எலக்ட்ரிக்கல் கடையில் சுவிட்ச் போர்டுக்குப் பின்னால் சுவரில் பதிக்கும் ஒரு இரும்புப் பெட்டி கிடைக்கும். கடையில் 'ஜிஐ பாக்ஸ்' என்று கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அதோடு ஒரு டிரான்சிஸ்டர், இரண்டு டயோடு, நான்கு ரெசிஸ்டர், ஒரு 9 வோல்ட் பேட்டரி. இவை இருந்தால் உங்கள் எலக்ட்ரிக் கிதாரை உறும வைக்கும் ஒரு பெடலை வீட்டு மேசையிலேயே செய்துவிடலாம். பிராண்டட் பெடல்கள் பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கும்போது, இந்த உதிரி பாகங்களில் பாதி ஒற்றை இலக்க ரூபாய்க்கே கிடைக்கின்றன.

ஆனால் நீலகிரியில் உட்கார்ந்து செய்தால் இரண்டு கேள்விகள் கூடுதலாக வரும். குளிரும் பனிமூட்டமும் பெடலை என்ன செய்யும் என்பது ஒன்று. பெட்டி மேல் என்ன வரைவது என்பது இன்னொன்று. இரண்டாவது கேள்வி சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் உண்மையில் அதுதான் பெரியது. வரிசையாகப் பார்ப்போம்.

பெடல்னா என்ன?

எலக்ட்ரிக் கிதாரின் கம்பி அதிரும்போது, அதற்குக் கீழே இருக்கும் பிக்கப் அந்த அதிர்வை மிகச் சிறிய மின் சிக்னலாக மாற்றும். அந்த சிக்னல் கேபிள் வழியாக ஆம்ப்ளிஃபயருக்குப் போகும். கிதாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே தரையில் வைத்து, காலால் அழுத்தி ஆன், ஆஃப் செய்யும் பெட்டிதான் எஃபெக்ட்ஸ் பெடல். வாசிப்பவரின் இரண்டு கைகளும் கிதாரில் இருப்பதால்தான் இது காலுக்கு வந்தது.

சத்தத்தை முரட்டுத்தனமாக்கும் டிஸ்டார்ஷன், ஃபஸ். எதிரொலி தரும் டிலே. குரல் போல 'வா வா' என்று பேசும் வா-வா. இப்படிப் பல வகை உண்டு. முதன்முதலில் செய்பவர்களுக்கு எளிமையானது டிஸ்டார்ஷன் குடும்பம்தான். காரணம், அடிப்படையில் அது ஒரு பிழை.

பிழையில் பிறந்த சத்தம்

அமெரிக்கப் பாடகர் மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொரி' பாடல் 1961இல் வெளியானது. நாஷ்வில் ஸ்டூடியோவில் அதன் பதிவின்போது, கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிதார் போய்க்கொண்டிருந்த மிக்ஸர் சேனலில் கோளாறு. சத்தம் கிழிந்த துணி மாதிரி வந்தது. அதை நீக்காமல் அப்படியே பாட்டில் விட்டுவிட்டார்கள், பாட்டும் ஹிட் ஆனது.

பிறகு பலரும் அதே சத்தத்தைக் கேட்டு வரத் தொடங்க, ஒலிப்பதிவுப் பொறியாளர் க்ளென் ஸ்னாடி அந்தக் கோளாறையே வேண்டும்போது வரவழைக்கும் ஒரு டிரான்சிஸ்டர் சர்க்யூட்டை உருவாக்கினார். கிப்சன் நிறுவனம் அதை 1962இல் 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' பாடலில் கீத் ரிச்சர்ட்ஸ் அதைப் பயன்படுத்திய பிறகு, உலகமே ஃபஸ் பெடலைத் தேடியது. 1966இல் லண்டனில் வந்த 'ஃபஸ் ஃபேஸ்' பெடல் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் காலடிக்குப் போனது. அதன் சர்க்யூட்டில் இருந்தவை மொத்தம் 11 பாகங்கள்தான்.

இந்தியாவிலும் இசைக்காக எலக்ட்ரானிக்ஸைக் கையில் எடுத்தவர்கள் உண்டு. புல்லாங்குழல் வாசிக்கும் பொறியாளரான ஜி. ராஜ் நாராயண், பெங்களூருவில் 1979இல் எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியைக் கொண்டுவந்தார். இன்று சபாக்களில் அது சாதாரணப் பொருள். கிதார் பெடலில், மும்பையில் ஆதித்ய நந்த்வானா தொடங்கிய 'அனிமல் ஃபேக்டரி ஆம்ப்ளிஃபிகேஷன்' கையால் உருவாக்கும் பெடல்கள் வெளிநாட்டு கிதார் கலைஞர்களிடமும் போய்ச் சேர்ந்துள்ளன.

உள்ளே என்னதான் நடக்குது?

கிதார் சிக்னல் ஒரு மென்மையான அலை. மேலே ஏறும், கீழே இறங்கும். அந்த அலையின் உச்சியையும் அடியையும் கத்தரித்துத் தட்டையாக்கினால் டிஸ்டார்ஷன். எலக்ட்ரானிக்ஸில் இதற்கு 'கிளிப்பிங்' என்று பெயர். தட்டையான அலையில் புதிதாகப் பல மேல்சுரங்கள் சேர்ந்துகொள்ளும். காதுக்கு அதுதான் உறுமலாகக் கேட்கிறது.

கத்தரிக்கோல் வேலையைச் செய்வது டயோடு. சாதாரண சிலிக்கான் டயோடு சுமார் 0.6 வோல்ட்டில் திறந்துகொள்ளும். அதற்கு மேலே வரும் சிக்னலை அது தரைக்கு, அதாவது கிரவுண்டுக்கு அனுப்பிவிடும். கிதாரிலிருந்து 0.1 வோல்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். டிரான்சிஸ்டர் அதை 20 மடங்கு பெரிதாக்கினால் 2 வோல்ட். டயோடு 0.6க்கு மேலே எல்லாவற்றையும் வெட்டிவிடும். அவ்வளவுதான் கணக்கு.

முதல் பெடல்: எதில் ஆரம்பிக்கலாம்?

எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனத்தின் பழைய 'எல்பிபி-1' பூஸ்டர், ஒரே ஒரு டிரான்சிஸ்டர் கொண்டது. உலகம் முழுக்க முதல் பெடல் செய்பவர்கள் கைவைக்கும் சர்க்யூட் அது. அதே பாணியில், நம்மூர்க் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் மதிப்புகளோடு ஒரு பட்டியல்:

- டிரான்சிஸ்டர்: பிசி 547 அல்லது பிசி 549, ஒன்று.
- ரெசிஸ்டர்: பேஸிலிருந்து 9 வோல்ட்டுக்கு 470 கிலோ ஓம், பேஸிலிருந்து கிரவுண்டுக்கு 47 கிலோ ஓம், கலெக்டரிலிருந்து 9 வோல்ட்டுக்கு 10 கிலோ ஓம், எமிட்டரிலிருந்து கிரவுண்டுக்கு 390 ஓம்.
- கெப்பாசிட்டர்: 0.1 மைக்ரோ ஃபாரட், இரண்டு. ஒன்று இன்புட்டுக்கும் பேஸுக்கும் நடுவே, இன்னொன்று கலெக்டருக்கும் அவுட்புட்டுக்கும் நடுவே.
- வால்யூம் கன்ட்ரோல்: 100 கிலோ ஓம், ஒன்று. அவுட்புட் கெப்பாசிட்டருக்குப் பிறகு.
- டயோடு: 1என்4148, இரண்டு. அவுட்புட் கெப்பாசிட்டரைத் தாண்டிய இடத்திலிருந்து கிரவுண்டுக்கு, ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில்.
- இரண்டு கிதார் ஜாக், ஒரு கால் சுவிட்ச், 9 வோல்ட் பேட்டரியும் அதன் கிளிப்பும்.

டயோடு இல்லாமல் செய்தால் சத்தத்தை மட்டும் ஏற்றும் பூஸ்டர். டயோடு போட்டால் டிஸ்டார்ஷன். முதலில் பிரெட்போர்டில் சால்டரிங் இல்லாமல் செருகிப் பார்த்துவிட்டு, பிறகு டாட் போர்டுக்கு மாறுவது நல்லது.

வேலை செய்யவில்லை என்றால் பதற வேண்டாம். மல்டிமீட்டரை வைத்து கலெக்டரில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். 4 முதல் 6 வரை காட்டினால் டிரான்சிஸ்டர் சரியாக உட்கார்ந்திருக்கிறது. பிரச்சினை ஜாக்கிலோ சுவிட்சிலோ இருக்கலாம். 9 வோல்ட் அப்படியே காட்டினால், பெரும்பாலும் டிரான்சிஸ்டரின் கால்கள் மாறியிருக்கும். பிசி 547இன் தட்டையான பக்கம் உங்களைப் பார்த்திருந்தால், இடமிருந்து வலமாக கலெக்டர், பேஸ், எமிட்டர். அமெரிக்க சர்க்யூட்களில் அடிக்கடி வரும் 2என்3904க்கு இந்த வரிசை அப்படியே தலைகீழ். புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது.

சென்னையில் இருப்பவர்களுக்கு ரிட்சி தெரு, பெங்களூருக்காரர்களுக்கு எஸ்பி ரோடு. மலையில் இருப்பவர்களுக்கு கோவைப் பயணம் அல்லது கூரியர். எனவே ஒரு ரெசிஸ்டர் தேவைப்பட்டால் பத்தாக வாங்கி வைப்பதே புத்திசாலித்தனம். ஒரு ரூபாய் பொருளுக்காக ஒரு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை.

மலையில் செய்தால் என்ன வித்தியாசம்?

1960களின் ஃபஸ் பெடல்களில் இருந்தவை ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள். அந்தச் சத்தத்தின் மேல் இன்றும் பலருக்குத் தனி மோகம். இந்தியாவிலும் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் தயாரிக்கத் தொடங்கியது. பழைய டிரான்சிஸ்டர் ரேடியோக்களில் ஏசி 128 போன்றவை இன்னும் கிடைக்கலாம்.

ஆனால் ஜெர்மானியத்துக்கு வெயில் ஆகாது. அதற்குள் எப்போதும் கொஞ்சம் மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்தக் கசிவு தோராயமாக இரட்டிப்பாகும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். மாலை 15 டிகிரியில் வீட்டில் உட்கார்ந்து டியூன் செய்த பெடலை, ஏப்ரல் மாதம் 35 டிகிரி கோவை மேடைக்கு எடுத்துப் போனால் கசிவு நான்கு மடங்காகிவிடும். மலையில் தேனாக ஒலித்த பெடல், கீழே இறங்கியதும் இருமத் தொடங்கும். பெடலில் கோளாறு எதுவும் இல்லை, அதன் இயல்பே அப்படித்தான்.

தீர்வு இரண்டு. வெளியிலிருந்து திருகும்படி ஒரு பயஸ் கன்ட்ரோல் வைத்து மேடையிலேயே சரிசெய்துகொள்ளலாம். இல்லையென்றால் மேலே சொன்ன பிசி 547 போன்ற சிலிக்கான் டிரான்சிஸ்டரோடு நின்றுவிடலாம். அது வெயிலுக்கு அசைந்து கொடுக்காது.

அடுத்து ஈரம். குன்னூரிலும் கோத்தகிரியிலும் மழை மாதங்களில் ஜாக், வால்யூம் கன்ட்ரோல் எல்லாம் ஈரம் ஏறி 'கரகர' என்று சத்தம் போடும். பயன்படுத்தாத நாட்களில் பெடலை மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு வைத்தால் ஆயுள் கூடும்.

குளிருக்காக ஜன்னலை மூடிவிட்டு சால்டரிங் செய்வது இன்னொரு ஆபத்து. சால்டரிங் லெட்டில் இருக்கும் ஃப்ளக்ஸ் புகை மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு இன்னும் மோசம். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டாவது ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். சாதாரண சால்டரிங் லெட்டில் ஈயம் இருக்கிறது. வேலை முடிந்து கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் டீ, வர்க்கி பக்கம் போகக் கூடாது.

பெட்டியும் பெயிண்டும்

பெடலுக்கு உலோகப் பெட்டிதான் சரி. கிரவுண்டோடு இணைத்த உலோகம், டியூப் லைட், மொபைல் சார்ஜர் போன்றவற்றிலிருந்து வரும் இரைச்சலைத் தடுக்கும். பிளாஸ்டிக் டப்பா அதைச் செய்யாது. அலுமினியப் பெட்டிகள் ஆன்லைனில் கிடைக்கும். ஜிஐ பாக்ஸ் மலிவு, திறந்த பக்கத்தை அடியில் வைத்து ஒரு தகட்டால் மூடிவிடலாம். டீத்தூள் வரும் தகர டப்பாவும் அழகுதான். ஆனால் காலால் மிதித்தால் நசுங்கும். சுவிட்ச் வரும் இடத்துக்கு உள்ளே ஒரு பிளைவுட் துண்டைத் தாங்கலாக வைக்க வேண்டும்.

துளைகளை எல்லாம் போட்ட பிறகுதான் பெயிண்ட். உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, ஸ்ப்ரே பெயிண்ட் அடித்து, அக்ரிலிக் மார்க்கரால் வரைந்து, கடைசியாக கிளியர் கோட். இதில் மலைக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பனிமூட்டத்தில் கிளியர் கோட் அடித்தால், காற்றில் இருக்கும் ஈரம் அதில் சிக்கி பால் ஊற்றியது போல வெளுத்துவிடும். ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட நாட்களில், வெயில் ஏறிய பிறகு அடிப்பது உத்தமம்.

சிலர் ஃபெர்ரிக் குளோரைடு கரைசலில் உலோகத்தை அரித்துப் படம் செதுக்குவார்கள். பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் அலுமினியத்தில் அது சூடாகி ஆவி கக்கும். தாமிர போர்டை அரித்த பிறகு மிஞ்சும் கரைசலில் தாமிரம் கலந்திருக்கும், அது மீன்களுக்கு விஷம். நீலகிரியில் கழிவுநீர்க் குழாயில் ஊற்றுவது எதுவும் அங்கேயே நின்றுவிடாது. இந்த மலையின் ஓடைகள் பவானிக்கும் மோயாற்றுக்கும் இறங்கி பவானிசாகர் அணையில் சேர்கின்றன. கீழே அது குடிநீர், பாசன நீர். கழிவை முறையாக ஒப்படைக்க வழியில்லாதவர்கள் பெயிண்டோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

சர்க்யூட்டை காப்பி அடிக்கலாமா?

பெடல் உலகம் காப்பியில்தான் வளர்ந்தது. ஒரு சர்க்யூட்டின் செயல்படும் யோசனைக்குக் காப்புரிமைச் சட்டத்தில் பாதுகாப்பு இல்லை. அதற்கு பேட்டன்ட் வேண்டும், அதன் ஆயுள் இந்தியாவில் 20 ஆண்டுகள். 1960களின் ஃபஸ் எல்லாம் எப்போதோ பொதுச் சொத்தாகிவிட்டது. ஒருவர் செய்ததைப் பிரித்துப் பார்த்து, இரண்டு பாகங்களை மாற்றி, இன்னொருவர் மேம்படுத்துவது இங்கே வழக்கம்.

பெயர் மட்டும் வேறு கதை. நிறுவனத்தின் பெயரும் லோகோவும் வணிக முத்திரை. அதை உங்கள் பெட்டியில் அச்சிட்டு விற்றால் சட்டச் சிக்கல் வரும். ஆக, பெட்டிக்கு உள்ளே இருப்பதைத் தாராளமாகக் கடன் வாங்கலாம். வெளியே எழுதுவதில்தான் கவனம் வேண்டும்.

அப்போ தோடர் டிசைனை வரையலாமா?

நீலகிரியில் பெடல் செய்பவர் மனதில் 'நம்ம ஊர் அடையாளம்' என்றதும் முதலில் வருவது தோடர் எம்பிராய்டரியாக இருக்கலாம். வெளிர் நிற பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக ஓடும் வடிவங்கள். பெட்டி மேல் அச்சிட்டால் பளிச்சென்று இருக்கும், விற்கவும் செய்யும்.

தோடர் நலவாழ்வுச் சங்கம், கோத்தகிரியின் கீஸ்டோன் அறக்கட்டளை, பூம்புகார் ஆகியவை விண்ணப்பித்து, 2013இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தக் குறியீடு காப்பது முக்கியமாகப் பெயரையும் பூர்விகத்தையும்தான். வேறு ஏதோ ஒரு பொருளை 'தோடர் எம்பிராய்டரி' என்று சொல்லி ஏமாற்றி விற்க முடியாது. ஆனால் வடிவத்தின் மேல் பேட்டன்ட் போல முழு உரிமையை அது தருவதில்லை. பெயரைச் சொல்லாமல் வடிவத்தை மட்டும் எடுப்பவரைத் தடுக்கும் வலிமை அதற்குக் குறைவு.

சட்டம் விடும் இந்த இடைவெளியில்தான் யோசிக்க வேண்டும். இந்த எம்பிராய்டரியைத் தோடர் பெண்கள் வரைபடமோ சட்டமோ இல்லாமல், துணியின் இழைகளை எண்ணி எண்ணிப் போடுகிறார்கள். 'பூத்குளி' என்ற போர்வையாகத் தோளில் போர்த்துகிறார்கள். இறந்தவரின் உடலையும் அந்தத் துணியால்தான் போர்த்துகிறார்கள்.

பெடல் என்ன பொருள்? காலால் மிதிக்கும் பொருள். அதுவும் பெரும்பாலும் செருப்புக் காலால்.

புத்தகத்தில் தவறிக் கால் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. சாமி படத்தைப் பெடலில் வரைய நமக்குக் கை வராது. அடுத்தவர் தங்கள் இறந்தவருக்குப் போர்த்தும் துணியின் வடிவத்தை மட்டும் எப்படிக் காலடியில் வைப்பது? அனுமதியும் கேட்கவில்லை, அந்த விற்பனையில் அவர்களுக்கு ஒரு ரூபாயும் போகவில்லை என்றால், அதற்குப் பெயர் ஊர்ப்பாசம் இல்லை.

அந்த வேலைப்பாடு பிடித்திருந்தால் நேரான வழி ஒன்று இருக்கிறது. பெடலுக்குப் பதில் கிதார் ஸ்ட்ராப். தோடர் பெண்களிடமே அல்லது அவர்களின் பொருட்களை விற்கும் கடைகளில், கையால் போட்ட துண்டை உரிய விலை கொடுத்து வாங்கி ஸ்ட்ராப்பில் தைத்துக்கொள்ளலாம். தோளில் போடும் துணி தோளிலேயே இருக்கும். செய்தவருக்குக் கூலியும் பேரும் போய்ச் சேரும்.

வேற என்ன வரையலாம்?

நிறைய இருக்கிறது. தேயிலைச் சரிவின் வரிசைக் கோடுகள். கீழே பச்சையில் தொடங்கி மேலே வெள்ளையாகக் கரையும் பனிமூட்டம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை மலை ரயில் பிடித்து ஏறும் பல்சக்கரத் தண்டவாளம்கூட அருமையான டிசைன். அந்தப் பற்களை வரிசையாக வரைந்தால், உச்சி வெட்டப்பட்ட டிஸ்டார்ஷன் அலை போலவே இருக்கும். பெட்டிக்குள் நடப்பதை வெளியே வரைந்தது போலவும் ஆகும்.

வாசிப்பவரே கருவியையும் செய்வது இந்த மலைக்குப் புதிதல்ல. நீலகிரியின் கோத்தர்கள் கொல்லர்களாகவும் குயவர்களாகவும் தச்சர்களாகவும் இருந்தவர்கள். இசைக்கலைஞர்களும் அவர்களே. சீவாளி வைத்த குழல், வளைந்த கொம்பு, மேளம் என்று தங்கள் சடங்குகளுக்கான இசையோடு கருவிகளையும் கைகளிலேயே வைத்திருந்தார்கள். அண்டைச் சமூகங்களின் சடங்குகளிலும் அவர்கள் இசை ஒலித்தது.

அவர்களின் டிசைனையும் எடுத்து ஒட்ட வேண்டியதில்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் பழக்கத்தை. ஜிஐ பாக்ஸில் துளை போட்டு, முதல் டிரான்சிஸ்டரைத் தலைகீழாக சால்டர் செய்து, கழற்றி, மறுபடியும் வைத்து, கடைசியில் ஒருநாள் சுவிட்சை மிதிக்கும்போது கிதார் உறுமும். அந்தப் பெட்டி மேல் இருக்கும் படமும் உங்களுடையதாகவே இருந்தால், மிதிக்கும்போது கால் கூசாது.